பழைய பீட்டிலின் ஹீட்டர் துருவுக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. டொராண்டோவில் இருக்கிறேன். என்னிடம் 1971 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இருக்கிறது. காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால் ரேடியேட்டரும் இல்லை, சுடுதண்ணீர் ஹீட்டரும் இல்லை. எஞ்சின் ஃபேன் தள்ளும் காற்று, புகைக்குழாயைச் சுற்றியிருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் சூடாகித்தான் உள்ளே வரும்.

குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு தன் வேலையைக் காட்டிவிட்டது. இடப்பக்க எக்ஸ்சேஞ்சரை ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தட்டினேன், நேராக உள்ளே போய்விட்டது! வெளித்தகடு மட்டும் என்றால் வெட்டி ஒட்டு வைத்து வெல்டிங் செய்துவிடலாம். உள்ளே இருக்கும் புகைக்குழாயில் ஓட்டை இருந்தால்தான் வம்பு. கார்பன் மோனாக்சைடு நேராகக் காருக்குள் வரும், அதற்கு வாசனையும் கிடையாது. அதனால் ஹீட்டர் குழாய்களைக் கழற்றி அடைத்துவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓட்டுகிறேன். மனைவி ஏறவே மாட்டேன் என்கிறார்.

கழற்றிய பிறகு குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்றடித்து, சோப்புத் தண்ணீரில் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம் என்றிருக்கிறேன். அப்படிச் செய்தவர்கள் உண்டா? எவ்வளவு அழுத்தம் போதும்?

அப்புறம், எக்ஸ்சேஞ்சரை எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டோடு பிடித்திருக்கும் நட்டுகள் துருவேறி இறுகிவிட்டன. இரண்டு நாளாக எண்ணெய் விட்டும் அசையவில்லை. ஸ்டட் (நட்டு ஏறும் மரைத்தண்டு) முறிந்தால் எஞ்சினையே இறக்க வேண்டிவரும். சூடு காட்டித் திருகலாமா?

எக்ஸ்சேஞ்சரைப் புதிதாக வாங்குவதா, பழைய ஒரிஜினலைத் தேடுவதா என்பதையும் சொல்லுங்கள். சூடான காற்றைக் கொண்டுபோக கதவுக்குக் கீழே ஓடும் ஹீட்டர் சேனலை இன்னும் திறந்து பார்க்கவில்லை, பயமாக இருக்கிறது.