சப்ளை செயின் டிஜிட்டல் பாடம்: எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது?

மாலை வகுப்பு:

வணக்கம். கல்லூரியில் மேலாண்மைத் துறையில் பாடம் எடுக்கிறேன். அடுத்த செமஸ்டரில் 'சப்ளை செயினுக்கான டிஜிட்டல் திறன்கள்' என்ற விருப்பப் பாடம் என் தலையில் விழுந்திருக்கிறது. பாடத்திட்டக் குழுவின் வரைவைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. இஆர்பி (நிறுவனத்தின் ஆர்டர், இருப்பு, கணக்கை ஒன்றாக நடத்தும் மென்பொருள்), பைத்தான், பிளாக்செயின் (பலர் பகிர்ந்து வைக்கும், எளிதில் மாற்ற முடியாத பதிவேடு), ஐஓடி, டிஜிட்டல் ட்வின் (நிஜ அமைப்பின் கணினி நகல்), ஏஐ என்று வாரத்துக்கு ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

மாணவர்களில் பாதிப் பேர் வணிகவியல் முடித்தவர்கள், கோட் என்றாலே ஒதுங்குவார்கள். மீதிப் பேர் பொறியியல். பைத்தான் தெரியும், ஆனால் பர்ச்சேஸ் ஆர்டருக்கும் இன்வாய்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்றால் முழிப்பார்கள். வாரத்துக்கு ஒரு தியரி வகுப்பு, ஒரு லேப். இந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள், பாடம் எடுத்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

ரீஆர்டர் பாயிண்ட்:

மேடம், அந்த வரைவில் பாதியைத் தாராளமாக வெட்டலாம். நான் பாடம் எடுக்க வருவதற்கு முன்னால் பிளானிங் வேலையில் இருந்தவன். எனக்கு இப்போது இருக்கும் விதி ஒன்றுதான்: கையில் இருக்கும் கருவி மாணவர் கண் முன்னால் திணறும் வரைக்கும் அடுத்த கருவியை வெளியே எடுக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு மென்பொருள் என்று போனால் பட்டன் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் மனதில் நிற்கும். அதுவும் அடுத்த வெர்ஷன் வந்தால் போச்சு.

முதல் லேபிலேயே அழுக்கான ஒரு சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த டெக்ஸ்ட் பட்டியல்) கொடுங்கள். நான் கொடுப்பது பேலட் (சரக்கை அடுக்கி நகர்த்தும் தட்டு) பட்டியல். ஒவ்வொரு பேலட்டுக்கும் எஸ்எஸ்சிசி என்ற 18 இலக்க எண் உண்டு. ஃபைலை டபுள் கிளிக் செய்து எக்செல்லில் திறந்ததும் அது வெறும் எண்ணாக மாறி, 15 இலக்கத்துக்கு மேல் உள்ளதெல்லாம் பூஜ்யமாகிவிடும். 18-ஆவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். அதற்கு முன்னால் இருக்கும் இரண்டும் வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள். ஆக, அடுத்தடுத்து ஒட்டிய 100 பேலட்டுகள் ஒரே எண்ணில் வந்து நிற்கும். எண்ணைத் தேடி விவரம் எடுக்கும் எக்ஸ்லுக்கப் போட்டால் முதல் பேலட்டின் விவரத்தையே எல்லா வரிசைக்கும் கொண்டுவந்து கொட்டும். எரர் என்று ஒரு வார்த்தை வராது. மாணவர்கள் சந்தோஷமாக ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பார்கள். அப்புறம் "எல்லாச் சரக்கும் ஒரே கிடங்கில் இருக்கிறதாமே, எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். டேட்டாவைச் சந்தேகப்படும் பழக்கம் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கும். எக்செல்லில் டேட்டாவை இழுக்கும் கருவியான பவர் குவெரியில் அந்த நெடுவரிசையை டெக்ஸ்டாக எடுத்து உள்ளே கொண்டுவருவதை அதன் பிறகு காட்டுங்கள்.

அடுத்தது லீட் டைம், அதாவது ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வந்து சேரும் வரையான நாட்கள். என் பாடத்தில் அதிக நேரம் இதற்குத்தான் போகும். இஆர்பி மாஸ்டரில் (அடிப்படை விவரப் பதிவில்) பெரும்பாலும் சப்ளையருக்கு 9 நாள் என்று ஒரே ஒரு எண் உட்கார்ந்திருக்கும். யாரோ எப்போதோ போட்டது. பர்ச்சேஸ் ஆர்டர் தேதியையும் சரக்கு வந்து இறங்கிய தேதியையும் கொடுத்து, உண்மையான லீட் டைம் என்ன என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சராசரி 9 நாளே வந்தாலும், ஏற்ற இறக்கம் இருக்கும்.

இப்போது சேஃப்டி ஸ்டாக், அதாவது தட்டுப்பாடு வராமல் இருக்கக் கூடுதலாக வைக்கும் கையிருப்பின் கணக்கு. தினசரித் தேவை சராசரியாக 100, திட்ட விலக்கம் 20, சேவை அளவு (சரக்கு தீராமல் இருக்கும் வாய்ப்பு) 95 சதவீதம், அதற்கான புள்ளியியல் பெருக்கி 1.65. லீட் டைம் அசையாமல் 9 நாள் என்றால் 1.65 × 20 × 3 (9-இன் வர்க்கமூலம்), அதாவது 99. லீட் டைமுக்கே 2 நாள் திட்ட விலக்கம் இருந்தால், வர்க்கமூலத்துக்குள் 9 × 400-உடன் 100² × 2² சேரும். கிடைப்பது 43,600. அதன் வர்க்கமூலத்தை 1.65-ஆல் பெருக்கினால் 345. அதே பொருள், அதே தேவை, கையிருப்பு மட்டும் மூன்றரை மடங்கு! வணிகவியல் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவது இங்கேதான், ஏனென்றால் இது பணம். பொறியியல் மாணவர்களும் சூத்திரத்தைவிட அந்த இரண்டு தேதிகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்க ஆரம்பிப்பார்கள். இஆர்பியை அப்போது திறந்து காட்டுங்கள். ஓடூ, இஆர்பிநெக்ஸ்ட் இரண்டுக்குமே ஓப்பன் சோர்ஸ் பதிப்பு இருக்கிறது. ஒரு ஆர்டரைப் போட்டு, சரக்கை வரவு வைத்து, இன்வாய்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், எந்தத் தேதி எந்தத் திரையில் பிறக்கிறது என்பது புரிந்துவிடும்.

பிளாக்செயினுக்கு ஒரு மணி நேரம் போதும். கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் 2018-இல் தொடங்கிய, சரக்குப் பதிவுகளைப் பகிரும் பிளாக்செயின் தளமான டிரேட்லென்ஸை 2022-இல் மூடப்போவதாக அறிவித்தார்கள். துறை முழுவதும் தேவையான ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அதை விவாதமாக வைத்தால் நன்றாகப் போகும். டிஜிட்டல் ட்வின்னை இந்தப் பாடத்தில் தொடாதீர்கள்.

கிடங்குப் பக்கம்:

எஸ்எஸ்சிசி விஷயத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. டெக்ஸ்டாகவே உள்ளே கொண்டுவந்த பிறகும், இரட்டைப் பதிவு இருக்கிறதா என்று பார்க்க, எத்தனை தடவை வருகிறது என்று எண்ணும் கவுன்ட்இஃப் போட்டால் அது மறுபடி எண்ணாக நினைத்துக்கொண்டு முதல் 15 இலக்கத்தை மட்டுமே ஒப்பிடும். இல்லாத டூப்ளிகேட் எல்லாம் வரும். எங்கள் கிடங்கில் புதிதாக வரும் பையன்கள் அத்தனை பேரும் இதில் ஒரு தடவை மாட்டுகிறார்கள்.

அப்புறம், யூனிட்டை விட்டுவிடாதீர்கள் மேடம். ஆர்டர் பெட்டியில், இருப்பு பீஸில், விலை டஜனில் இருக்கும் ஒரு ஷீட்டைக் கொடுத்துப் பாருங்கள். பைத்தான் புலிகளும் சறுக்குவார்கள்.

புதுசு:

போன வருடம்தான் படிப்பை முடித்து அனலிஸ்ட் வேலைக்குச் சேர்ந்தேன். 'ரீஆர்டர் பாயிண்ட்' சார் சொல்வதை முழுதாக ஏற்க முடியவில்லை. இன்டர்வியூவில் யாரும் எக்செல்லில் பூஜ்யம் ஏன் வந்தது என்று கேட்கவில்லை. எஸ்கியூஎல்லில் (டேட்டாபேஸிலிருந்து விவரம் கேட்டு எடுக்கும் மொழி) ஜாயின், அதாவது இரண்டு அட்டவணைகளை இணைப்பதை எழுதச் சொன்னார்கள், பைத்தானில் ஒரு முன்கணிப்பு செய்யச் சொன்னார்கள். அடிப்படை முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் செமஸ்டர் முழுக்க எக்செல்லிலேயே ஓட்டிவிட்டால் வேலை தேடும்போது மாணவர்தான் கஷ்டப்படுவார்.

மாலை வகுப்பு:

எல்லோருக்கும் நன்றி. லீட் டைம் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். 'புதுசு' கேட்டது என் மனதிலும் இருக்கிறது. எந்த இடத்தில் எஸ்கியூஎல்லுக்குத் தாவுவது? இன்னொன்று, எந்த அசைன்மென்ட் கொடுத்தாலும் ஏஐயிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். மதிப்பெண் எப்படிப் போடுவது?

ரீஆர்டர் பாயிண்ட்:

'புதுசு' சொல்வது நியாயம்தான். நானும் எக்செல்லிலேயே நிற்கச் சொல்லவில்லை. அது உடையும் நேரம் தானாக வரும், கொஞ்சம் தள்ளிவிட்டால் போதும். எம்5 முன்கணிப்புப் போட்டிக்காக 2020-இல் வெளியிட்ட வால்மார்ட் விற்பனை டேட்டா காகிள் என்ற இணையதளத்தில் கிடைக்கிறது. 10 கடைகள், 3,049 பொருட்கள், 2011 முதல் 2016 வரை தினசரி விற்பனை. அதில் ஒரே ஒரு கடையின் ஒரு வருட விற்பனையை, பொருளுக்கும் நாளுக்கும் ஒரு வரிசை என்று விரிக்கச் சொல்லுங்கள். 3,049 × 365, அதாவது 11,12,885 வரிசை. எக்செல் ஷீட்டில் இருப்பது 10,48,576. அன்றைக்கு எஸ்கியூஎல் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அதே டேட்டாவை மதிப்பெண்ணுக்கும் வைத்துக்கொள்ளலாம். நிறையப் பொருட்களுக்கு நாள் கணக்கில் விற்பனை பூஜ்யமாக இருக்கும். முன்கணிப்பின் சதவீதப் பிழையில் உண்மையான விற்பனையால் வகுக்க வேண்டும், பூஜ்யத்தால் எப்படி வகுப்பது? இதையாவது ஏஐ சொல்லிவிடும். ஆனால் அந்த டேட்டாவில் இருப்பு விவரம் கிடையாது. ஒரு நாள் பூஜ்யம் என்றால் வாங்க ஆள் வரவில்லையா, ஷெல்ஃபில் சரக்கே இல்லையா? நான் கோடிங்குக்கு 30 மதிப்பெண், வாய்மொழித் தேர்வுக்கு 70 வைத்திருக்கிறேன். மாணவர் எழுதிக்கொண்டு வந்த பைத்தான் நோட்புக்கை (கோடும் முடிவும் சேர்ந்த ஃபைல்) திறந்து, ஒரு பூஜ்யத்தின் மேல் விரலை வைத்து, "இந்தப் பொருளுக்கு நாளைக்கு எத்தனை ஆர்டர் போடுவாய், ஏன்?" என்று கேட்பேன். ஏஐயை வைத்து எழுதியிருந்தாலும் பரவாயில்லை, பதில் சொல்லட்டும். ஆளுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். வகுப்பு பெரிதாக இருந்தால் இருவர் இருவராகக் கூப்பிடுங்கள், ஆனால் கேள்வியைத் தனித்தனியாகக் கேளுங்கள்.