கில்ரே எப்படித் தப்பினார்?

உவர்மலை மாணவி:
1795இல் எங்கள் திருகோணமலைக் கோட்டையைப் பிரித்தானியர் கைப்பற்றிய அதே காலத்தில், இலண்டனில் ஜேம்ஸ் கில்ரே பட்டத்து இளவரசரையும் பிரதமர் பிட்டையும் அவ்வளவு கடுமையாகக் கேலிச்சித்திரம் வரைந்தும் தண்டனையின்றித் தப்பியது எப்படி?

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்:
பிள்ளை, 1796இல் ஒரு படத்துக்காக அவர் கைதானார், ஆனால் தண்டிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டே அரசு அவருக்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. கூர்மையான கையைத் தன் பக்கம் இழுக்கும் முயற்சியாகவே அதை நான் கருதுகிறேன். வழக்குத் தொடுப்பவர், அந்த அவலட்சண உருவம் தாமே என்று ஊரறிய ஒப்புக்கொள்ளவும் வேண்டியிருந்தது.

ஓவியக் கலைஞர்:
1792இல் அவர் வரைந்த இளவரசரைப் பாருங்கள்: வயிறு பிதுங்க நாற்காலியில் சாய்ந்து, முள்கரண்டியால் பல்லைக் குத்துகிறார், பின்னால் செலுத்தாத கடன் சீட்டுகள் கிடக்கின்றன. செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிட்டு, கையால் நிறந்தீட்டிய இப்படங்களை, வாங்க வசதியற்றோரும் கடைச் சன்னல் முன் கூடி நின்று பார்த்தனர்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்:
அந்த இளவரசரே நான்காம் ஜோர்ஜ் மன்னரான 1820இல், தம்மை ஒழுக்கக்கேடாக வரையாதிருக்க ஜோர்ஜ் குரூக்சாங் என்ற மற்றொரு கேலிச்சித்திரக் கலைஞருக்கு 100 பவுண் கொடுக்கப்பட்டது.