கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் கிளப்பில் சேர ஆசை, ஆனால் ஆடத் தெரியாது

கேட்டவர்: புதுமுகம்
எங்கள் நகரத்தில் ஒரு கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் கிளப் இருக்கிறது, அமெரிக்க கிராமிய, கவ்பாய் பாணி இசைக்கான கிளப். வாராவாரம் கூடிப் பாட்டு, லைன் டான்ஸ், அரட்டை. எனக்கு ஜோடியும் கிடையாது, ஆட்டமும் வராது. பூட்ஸ், கவ்பாய் தொப்பி எல்லாம் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டுமா? மாறுவேடப் போட்டிக்குப் போகிற மாதிரி ஆகிவிடுமோ என்று கூச்சம்.

பதில்: பழைய பூட்ஸ்
ஜோடியைப் பற்றிக் கவலை வேண்டாம். லைன் டான்ஸில் எல்லோரும் வரிசையாக ஒரே பக்கம் பார்த்து நின்று ஒரே அடியைத்தான் போடுவார்கள். முதலில் கிரேப்வைன் என்கிற அடியைப் பழகுங்கள். வலது காலைப் பக்கவாட்டில் வையுங்கள், இடது கால் அதன் பின்னால், மறுபடி வலது பக்கவாட்டில், இடது காலைக் கூடக் கொண்டுவந்து ஒரு தட்டு. அப்படியே இடப்பக்கம். இது வந்துவிட்டால் பல ஆட்டங்களில் பாதி வந்த மாதிரி.

கூச்சத்தில் கடைசி வரிசைக்கு ஓடாதீர்கள். நிறைய ஆட்டங்களில் ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுவரைப் பார்த்துத் திரும்புவார்கள். இரண்டு திருப்பத்தில் கடைசி வரிசைதான் முதல் வரிசை! அப்போது பார்த்து ஆட முன்னால் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். நட்ட நடுவில் நில்லுங்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருவர் கால் கண்ணில் படும்.

தொப்பி அப்புறம். காலுக்குப் போடுவதுதான் முக்கியம். ரப்பர் அடிப்பாகம் தரையைக் கவ்விக்கொள்ளும், திரும்பும்போது முட்டி மாட்டிக்கொள்ளும். தோல் அடிப்பாகம்தான் வசதி, வழுக்கிக்கொண்டு போகும்.

பதில்: ஓரத்து மேசை
ஆடும் தளத்திலும் போக்குவரத்து விதி உண்டு. டூ-ஸ்டெப் என்கிற ஜோடி ஆட்டம் ஆடுகிறவர்கள் வெளிவட்டத்தில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போவார்கள், வேகமானவர்கள் ஓரமாக. லைன் டான்ஸுக்கு நடுப்பகுதி. கையில் கிளாஸோடு குறுக்கே போனால் முறைப்பார்கள், அது நியாயம்தான்.

பதில்: பாட்டுப் பைத்தியம்
மாறுவேடம் என்றால் என்ன தப்பு? இந்த உடையே பெரும்பாலும் மேடைக்கும் சினிமாவுக்கும் தைத்ததுதான். பளபளக்கும் கல் பதித்த சூட்டுக்குப் பேர்போன நூடி கோன் கீவ் நகரத்தில் பிறந்தவர், ஹாலிவுட் பக்கம் கடை வைத்தவர். கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் அவர் தைத்ததைப் போட்டார். 1957-இல் எல்விஸ் பிரெஸ்லி போட்ட தங்க நிற சூட்டும் அவர் கைவேலைதான். ஒரு மாட்டையும் மேய்க்காதவர்களின் சட்டை அது. நீங்களும் போடலாம்.

கேட்டவர்: புதுமுகம்
சரி, சாதாரண ஜீன்ஸும் தோல் அடி ஷூவுமாக இந்த வாரமே போகிறேன். தொப்பி யாராவது கடன் கொடுப்பார்களா?

பதில்: பழைய பூட்ஸ்
தொப்பியைக் கடன் கேட்காதீர்கள், அடுத்தவர் தொப்பியைத் தொடவே நிறைய பேருக்குப் பிடிக்காது. சொந்தமாக வாங்கினால் மேசையில் மல்லாத்தி வையுங்கள். விளிம்பு கீழே இருக்கும்படி வைத்தால் அதன் வளைவு போய்விடும்.