ஆறு வயதில் சத்தமில்லாமல் வரும் கடைவாய்ப் பல்: சீலண்ட் வைத்த எங்கள் அனுபவம்

மல்லிகா, ஈசூன்:

மகள் தொடக்கநிலை 2 படித்தபோது, கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை என்று பள்ளிப் பல் மருந்தகத்தில் சொன்னார்கள். "பால் பல்தானே, விழுந்துடும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நான் சமைக்கப் போய்விட்டேன். அது விழாத பல், ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல் என்பது மறுமுறை போனபோதுதான் தெரிந்தது.

முன்பல் ஆடினால் வீடே கூடிப் பார்க்கிறோம். முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் அப்படி வருவதில்லை. எந்தப் பால் பல்லும் விழாமலே, ஆறு வயது வாக்கில், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஈறைக் கீறிக்கொண்டு முளைத்துவிடுகிறது. முளைத்து இரண்டு வருடத்தில் என் மகளுக்குச் சொத்தை. பல்லைக் குடைந்து அடைத்தபோது அவள் என் கட்டைவிரலைப் பிடித்த பிடி இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நான் கோபத்தோடுதான் கேட்டேன்: "ரெண்டு வேளையும் நான் நின்னு தேய்க்க வைக்கிறேன். இங்க சிங்கப்பூர்ல 1950களிலேயே குழாய்த் தண்ணியில ஃபுளோரைடு கலக்க ஆரம்பிச்சாச்சு. அப்புறம் எப்படி?" அங்கிருந்த பல் மருத்துவர் பல்லைப் பெரிதாக்கித் திரையில் காட்டினார். மேல்பரப்பு முழுக்கப் பள்ளமும் வரப்புமாக இருந்தது. சில பள்ளங்கள் பிரஷ்ஷின் ஒற்றை முடி நுழைய முடியாத அளவுக்கு ஒடுக்கம். ஃபுளோரைடு வழவழப்பான பக்கங்களை நன்றாகக் காக்கும், இந்தப் பள்ளங்களில்தான் அதன் பலன் குறைவு என்றார். உள்ளே போய் ஒட்டிக்கொண்ட மாவும் சர்க்கரையும் அங்கேயே தங்கிக் கிருமிக்குத் தீனியாகிவிடுகிறது. பள்ளத்தை முன்கூட்டியே மூடிவிடுவதுதான் சீலண்ட்.

அதனால் மகனுக்கு ஆறு வயது ஆனதிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். ஏழு வயதில் நான்கு பல்லும் முழுதாக வெளியே வந்ததும் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு தனியார் மருந்தகத்துக்குக் கூட்டிப்போனேன். வேலை வேகமாக முடிந்தது. நடுவில் ஒருமுறை அவன் வாயை மூடினான், நாக்கு பல்லில் பட்டது. காற்றை ஊதிவிட்டு மேலே தொடர்ந்தார்கள். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. நான்கு மாதத்தில் இடது கீழ்ப்பக்கச் சீலண்ட் பாதி பெயர்ந்திருந்தது. மறுபடி வந்து காட்டுங்கள் என்று யாரும் சொல்லவும் இல்லை. பள்ளியில் நடந்த பரிசோதனையில்தான் தெரிந்தது. நல்லவேளை, சொத்தை பிடிக்கவில்லை.

இரண்டாம் தடவை வேறு இடத்தில் வைத்தோம். வலி இல்லை, ஊசி இல்லை, குடைவதும் இல்லை. பல்லைச் சுத்தம் செய்து, இரண்டு பக்கமும் பஞ்சுருளை வைத்து, நீல நிறத்தில் ஒரு ஜெல்லைத் தடவினார்கள். அரை நிமிடம்கூட இருக்காது. கழுவி நன்றாக உலர்த்தியதும் எனக்குக் கண்ணாடியில் காட்டினார்: அந்த இடம் மட்டும் பளபளப்பு போய்ச் சாக்குக்கட்டி மாதிரி வெளுத்திருந்தது. அப்படி வெளுத்தால்தான் சீலண்ட் பிடிக்குமாம். பிறகு பாகு போன்ற மருந்தைப் பள்ளத்தில் ஓடவிட்டு, நீல ஒளியைக் காட்டினார்கள். உடனே இறுகிவிட்டது. கடைசியில் ஒரு வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லி, மேடாக இருந்த இடத்தைத் தேய்த்துவிட்டார்கள். "அம்மா, புளிப்பா இருந்துச்சு, இப்ப ஏதோ ஒட்டின மாதிரி இருக்கு" என்றான். மறுநாள் மறந்துவிட்டான்.

ராணி, தோ பாயோ:

மல்லிகா, நீங்கள் சொன்ன அந்த "நாக்கு பட்டது" என்ற இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. பல் மருந்தக உதவியாளராகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். ஜெல் தடவிக் கழுவிய பிறகு எச்சில் ஒரு சொட்டு பட்டாலும் மறுபடி ஜெல் தடவ வேண்டும். வெறும் காற்று ஊதினால் போதாது. அந்த ஜெல் பாஸ்பாரிக் அமிலம், பல்லின் கெட்டியான மேலடுக்கான எனாமலில் கண்ணுக்குத் தெரியாத துளைகளை உண்டாக்கும். மருந்து அதற்குள் இறங்கிக் கொக்கி மாதிரிப் பிடித்துக்கொள்ளும். எச்சில் பட்டால் துளை அடைபட்டுவிடும், அவ்வளவுதான்.

1955-ல் மைக்கேல் புவனகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர்தான் இதை முதலில் செய்து காட்டினார். இரும்பில் பெயிண்ட் ஒட்ட அமிலம் தடவுகிற வழக்கத்திலிருந்து அவருக்கு இந்த யோசனை வந்தது. பல் பாதிதான் வெளியே வந்திருக்கிறது, உலர வைக்கவே முடியவில்லை என்றால் கிளாஸ் அயனோமர் என்று வேறொரு வகைச் சீலண்ட் உண்டு. சீக்கிரம் பெயர்ந்துவிடும், ஆனால் பல் முழுதாக வரும்வரை கைகொடுக்கும்.

செந்தில், பூன் லே:

எங்கள் வீட்டில் என் மாமியார், "பிளாஸ்டிக்கைப் பிள்ளை வாயில வைக்கலாமா தம்பி?" என்று இரண்டு நாள் தூங்கவில்லை. பிளாஸ்டிக் தயாரிப்பில் சேரும் பிஸ்பினால் ஏ என்ற வேதிப்பொருளைப் பற்றி எங்கோ கேட்டிருக்கிறார். மருத்துவரிடமே கூட்டிப்போனேன். சில வகைகளில் மிகச் சிறிய அளவு வெளிப்படலாம், அதுவும் வைத்த உடனே, அதனால்தான் மேற்பரப்பைத் துடைத்து வாய் கொப்பளிக்கச் சொல்கிறோம் என்று பொறுமையாக விளக்கினார். மாமியார் சமாதானமானார். என் பெண்ணுக்குப் பள்ளியிலேயே வைத்தார்கள், ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டதோடு சரி.

எத்தனை வருடம் தாங்கும், யாராவது சொல்லுங்களேன்?

மல்லிகா, ஈசூன்:

செந்தில் தம்பி, நானும் அதைத்தான் கேட்டேன். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி, முதல் 2 ஆண்டுகளில் பின்பற்களின் சொத்தையில் 80 விழுக்காட்டைத் தடுக்கும், 4 ஆண்டுகள்வரை 50 விழுக்காட்டை. நன்றாக உட்கார்ந்துவிட்டால் அதற்கு மேலும் நிற்குமாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள், ஓரம் பெயர்ந்திருந்தால் அங்கே மட்டும் போட்டுக்கொள்ளலாம். பல்லிடுக்குக்கு இது உதவாது, அதற்கு நூல்தான். ராணி அக்கா, அந்த எச்சில் விவரம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பேன். நன்றி அக்கா.

மகளுக்கு இந்த வருடம் பன்னிரண்டு. இரண்டாவது கடைவாய்ப் பல் வரும் வயது. நேற்று இரவு விளக்கடித்துப் பார்த்தேன், வலது கீழ்ப்பக்கம் ஈறுக்கு மேலே வெள்ளையாக ஒரு முனை தெரிகிறது. ஜூன் விடுமுறைக்கு நேரம் வாங்கிவிட்டேன்.