பொருள்: இழுவிசிறி, தள்ளுவிசிறி

குழுவினருக்கு வணக்கம்.

> பழைய வண்டியில் ரேடியேட்டருக்கான பெல்ட் விசிறியைக் கழற்றிவிட்டுப் போடும் மின்விசிறிக்குக் 'குளிர்விப்பு மின்விசிறி' என்றால் போதாதா?

ஐயா, சொல் தவறில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி வாங்கினால் எந்த விசிறி கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. போன கத்திரி வெயிலில் எங்கள் வீட்டிலேயே இது நடந்தது.

என் மச்சான் குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு மாங்காய் ஏற்றுபவர். இருபது வருடப் பழைய பிக்கப். 'எலக்ட்ரிக் ஃபேன்' என்று கேட்டு 16 அங்குல விசிறி ஒன்றை வாங்கி, ரேடியேட்டருக்குப் பின்னால், இன்ஜின் பக்கம் மாட்டினார். லத்தேரி தாண்டும்போதே சூடு காட்டும் ஊசி ஏறியது. காட்பாடி மேம்பால நெரிசலில் ரேடியேட்டர் மூடியோரம் ஆவி கிளம்பிவிட்டது. ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும், 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் விசிறிக்கு வேலையே இல்லை. அப்படியிருக்க ஓட்டத்திலேயே ஏன் சூடு?

மெக்கானிக் தம்பி செய்தித்தாளில் ஒரு துண்டு கிழித்து முன் கிரில்லில் வைத்தார். தாள் ஒட்டவில்லை, வெளியே பறந்தது. "இது இழுக்கற ஃபேன் இல்லண்ணா, தள்ளுற ஃபேன்" என்றார். ரேடியேட்டருக்கு முன்னால் நின்று காற்றை உள்ளே தள்ள வேண்டிய விசிறி, பின்னால் நின்று இன்ஜின் சூட்டை எதிர்க்காற்றின் மேலேயே தள்ளிக்கொண்டிருந்தது. ஒயரை மாற்றிக் கொடுத்தார். தாள் ஒட்டியது, ஆனால் நழுவி விழுந்தது. இறக்கையின் வளைவு தலைகீழாகச் சுற்றினால் காற்றைச் சரியாகப் பிடிக்காது. இறக்கையைக் கழற்றித் திருப்பிப் போட்ட பிறகுதான் தாள் கிரில்லோடு அறைந்தாற்போல் நின்றது.

என் சொற்கள் அவர் வாயிலிருந்து வந்தவை. பின்னால் நின்று இழுப்பது இழுவிசிறி, முன்னால் நின்று தள்ளுவது தள்ளுவிசிறி. இழுவலை, தள்ளுவண்டி போல இவையும் வினைத்தொகை. இடமிருந்தால் இழுவிசிறிதான் நல்லது. தள்ளுவிசிறி முன்னால் நின்று வரும் காற்றைக் கொஞ்சம் மறைக்கும். இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இடமே இல்லாத வண்டிக்குத்தான் அது.

இழுவிசிறிக்கு 'உறிஞ்சு விசிறி' என்று குழுவில் இன்னொருவர் எழுதியிருந்தார். சமையலறைச் சுவரில் புகை போக்கும் விசிறிதான் எனக்கு அதில் தெரிகிறது. தள்ளுவதற்கு எதிர்ச்சொல்லாகவும் அது நிற்கவில்லை.

விசிறியைச் சுற்றி ரேடியேட்டரோடு பொருந்தும் ஷ்ரவுடுக்கு 'மறைப்பு' என்ற சொல் வேண்டாம். அது எதையும் மறைக்க வைத்ததல்ல. வட்ட விசிறி சதுர ரேடியேட்டரின் நான்கு மூலையிலிருந்தும் காற்றை இழுக்க வைத்த கூடு. அது இல்லாவிட்டால் விசிறிக்கு நேராக இருக்கும் வட்டம் மட்டுமே குளிரும். 'காற்றுக்கூடு' என்கிறேன். ரிலே, ஃபியூஸ் அப்படியே இருக்கட்டும், எல்லா எலக்ட்ரீஷியனுக்கும் புரிகிறது.

விசிறியைத் தானே போட்டு நிறுத்தும் ஸ்விட்சுக்குச் 'சூட்டு ஸ்விட்ச்' என்று எழுதலாம். இன்ஜின் நீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கிற வண்டிக்கு 92 டிகிரி அளவில் போடுகிற ஸ்விட்ச் பொருந்தும். 82க்குக் கீழே வைத்தால் விசிறி ஓயாமல் சுற்றும். பழைய வண்டியில் அதற்குக் கொடுக்கக் கரன்ட் ஏது? 55 வாட் ஹெட்லைட் இரண்டும் சேர்ந்தே 12 வோல்ட்டில் 9 ஆம்பியர்தான் எடுக்கும். 16 அங்குல விசிறி ஒன்று 15, 20 ஆம்பியர் கேட்கும், கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. வண்டிக்குக் கரன்ட் தரும் ஆல்டர்நேட்டர் தாங்குமா என்று பார்த்த பிறகே விசிறி வாங்க வேண்டும்.

ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் மெக்கானிக்குகளிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள். இந்த இரண்டு விசிறிக்கும் அவர்களிடம் வேறு சொல் புழக்கத்தில் இருந்தால் நம் சொற்பட்டியலில் அதையே ஏற்றுவோம், என்னுடையதை எடுத்துவிடலாம்.