புதுப்பிப்பு: கடன் செயலியும் அந்தப் பச்சைப் புள்ளியும்

கடன் செயலி ஒன்றைத் திறந்தாலே திரை மூலையில் பச்சைப் புள்ளி (மைக்கோ கேமராவோ இயங்குகிறது என்பதற்கான அடையாளம்) எரிகிறது என்று எழுதியிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி. நீங்கள் சொன்னபடி ஃபோன் செட்டிங்ஸில் பிரைவசி டாஷ்போர்டைப் பார்த்தேன் (ஆண்ட்ராய்டு 12 முதல் இருக்கிறது, கடந்த 24 மணி நேரத்தில் எந்தச் செயலி மைக்கையும் கேமராவையும் எப்போது தொட்டது என்று நேரத்தோடு காட்டும்). கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) முடிந்த பிறகும் மைக் ஓடியிருக்கிறது! ரிசர்வ் வங்கி 2022 முதல் வைத்திருக்கும் விதிப்படி மைக், கேமரா அனுமதியைக் கேஒய்சி போன்ற தேவைக்கு ஒரு முறைதான், அதுவும் நம் ஒப்புதலோடு வாங்கலாம்; தொடர்புப் பட்டியல் பக்கமே போகக் கூடாது. அனுமதியைப் பிடுங்கிவிட்டேன், செயலி வழக்கம்போல ஓடுகிறது, அப்புறம் எதற்குக் கேட்டார்களாம்? கடன் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஸ்கிரீன்ஷாட்டோடு மெயில் போட்டாயிற்று. 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற இணையப் புகார் தளத்தில் புகார்தான்.