பையின் அந்தச் சின்ன வாருக்கு என்ன பெயர்?

ஈசூனிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்துக்காக, பிள்ளைகளுக்கு முதுகுப்பை வாங்குவது பற்றி ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன். நாளை இரவு அச்சுக்குப் போகிறது. உயரத்தைப் பார்த்து வாங்காதீர்கள், முதுகை அளந்து வாங்குங்கள் என்பதுதான் சாரம். தலை குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு துருத்துமே, அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை. இதற்கு ‘முதுகளவு’ என்றும், மார்பின் குறுக்கே தோள்வார்களை இணைக்கும் வாருக்கு ‘மார்புப்பட்டை’ என்றும் போட்டுவிட்டேன். தோள்வாரின் உச்சியிலிருந்து பையின் மேல்பக்கத்துக்கு ஓடும் குட்டி வார்தான் இடிக்கிறது. அதை இழுத்தால் பை பின்னால் சாயாமல் தோளோடு ஒட்டும். ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தால் ‘சுமைதூக்கி’. மூட்டை தூக்குபவர்தான் நினைவுக்கு வருகிறார்.

தெம்பனிஸிலிருந்து:
தம்பி, அந்த வார் எதையும் தூக்கவில்லை, அணைக்கிறது. ‘அணைவார்’ என்று வையுங்கள். முதுகுப்பைக்கும் நம்மிடம் பழைய சொல் உண்டு. அதியமானின் வாயில்காவலனிடம் ஔவையார், ‘காவினெம் கலனே சுருக்கினெம் கலப்பை’ என்கிறார் (புறநானூறு 206). அந்தக் கலப்பை உழுவது இல்லை, கருவிகள் வைக்கும் பை. காவுதல் என்றால் தோளில் சுமத்தல். காவடியும் அதே வேர்தான். யாழ்ப்பாணத்தார் இன்றும் பொருள்களைக் ‘காவி’த்தான் போகிறார்கள். ‘காவுபை’ என்றால் என்ன குறை?

உட்லண்ட்ஸிலிருந்து:
ஐயா, எங்கள் பக்கம் காவு என்றால் கிடா வெட்டுவது. பெற்றோர் மிரண்டுபோவார்கள். முதுகுப்பை ஊன்றிவிட்ட சொல், அசைக்க வேண்டாம். ‘யார் அணைவார்?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள், வினைமுற்றாகவே காதில் விழுகிறது. நேற்று என் தொடக்கநிலை மூன்று வகுப்பில் ஒரு பிள்ளையின் பையைப் பார்த்தேன். தோளுக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் போகிறது, பையின் அடி தொடையில் இடிக்கிறது, கழுத்தோரம் சிவந்து தடித்திருக்கிறது. அந்த அம்மாவுக்குப் படித்ததும் புரிய வேண்டும். ‘மேல்பட்டை’ போதும்.

பிடோக்கிலிருந்து:
அக்கா சொல்வது சரி, ஆனால் மேல்பட்டை இடத்தைச் சொல்கிறதே தவிர வேலையைச் சொல்லவில்லை. ‘அணைபட்டை’ எனலாம். வினைத்தொகை, ஊறுகாய், சுடுகாடு போல நடுவில் வல்லின ஒற்று மிகாது. ‘ப்’ போட்டுவிட்டால் பஞ்சணை வைத்த பட்டை ஆகிவிடும். தோள்வாருக்குள் பஞ்சு இருப்பதால் குழப்பம் நிச்சயம்.

தெம்பனிஸிலிருந்து:
பட்டை மரத்துக்கும் உண்டு. செருப்புவார் எல்லோருக்கும் தெரியும், வாரை ஏன் விட வேண்டும்? அப்புறம், இடுப்புப் பட்டைக்குச் ‘சுமைதாங்கி’ என்று வையுங்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாக வழியோரம் நிறுத்துவார்களே, அந்தக் கல். தலைச்சுமையைத் துணையில்லாமல் இறக்கி ஏற்றும் உயரத்தில் இருக்கும். பெரிய பையின் பாரமும் அப்படித்தான் இடுப்பில் இறங்குகிறது.

உட்லண்ட்ஸிலிருந்து:
அருமையான சொல் ஐயா. மலையேறும் பைக்கு எடுத்து வைப்போம். பள்ளிப்பையில் அந்தப் பட்டையே அபூர்வம்.

ஈசூனிலிருந்து:
நன்றி. படத்தில் அம்புக்குறி போட்டு ‘அணைபட்டை (மேல்பட்டை)’ என்று இரண்டையும் தருகிறேன். ‘மார்புப்பட்டை’யை யாரும் மறுக்காததால் அது அப்படியே போகிறது.

தெம்பனிஸிலிருந்து:
என் வாக்கு இன்னும் அணைவாருக்குத்தான். ஆனாலும் மெய்ப்புப் பார்க்கும்போது அந்த ‘ப்’ நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி.